பிள்ளையின் கார்ட்டைக் கிழிக்காத ரேப்

 

நீளமான பதிவு. இந்தக் கிழமை பிள்ளைகளுக்குக் கைவேலைச் சாமான் வாங்கப் போகிறவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள். கொஞ்சக் காசு மிச்சமாகும்.

ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம். அதற்கு முந்திய இரண்டு கிழமையும் உடுவில், மருதனார்மடம், சுன்னாகம், மானிப்பாய்ப் பக்கத்துப் புத்தகக்கடைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிறிஸ்டல் போட்டில் நல்ல நிறமெல்லாம் முடிந்திருக்கும். பிள்ளை ஒரு பக்கம் இழுக்கும், தாய் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பா. இப்போது அந்தப் பட்டியல்களில் ஒரு புதுச் சாமானும் ஏறியிருக்கிறது: "வாஷி ரேப், 1 செட்". யூரியூப் பார்த்துக் கற்ற பிள்ளைகள் கேட்கிறார்கள், சில இடங்களில் ஆசிரியர்களே எழுதி அனுப்புகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வரியை வெட்டுங்கள். அந்த இடத்தில் "ஸ்ரிக்கி நோட், 3 ஒற்றை" என்று எழுதுங்கள். பையில் செலோ ரேப் இருந்தால் அதையும் வெளியே எடுத்து வையுங்கள். கார்ட்டில் அச்சுக் குத்துகிற வேலைக்கு அதைப்போல எதிரி வேறு இல்லை.

எதைப் பற்றிக் கதைக்கிறேன் என்று விளங்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். இப்போது பிள்ளைகள் கார்ட்டில் படம் கீறுவதைவிட அச்சுக் குத்தத்தான் விரும்புகிறார்கள். இலை அச்சும் வெண்டிக்காய் அச்சும் நாங்கள் படித்த காலத்திலேயே இருந்தவை. இப்போது அழிறப்பரைச் செதுக்கி சீல் செய்கிறார்கள். தேய்ந்துபோன பாட்டாச் செருப்பை வெட்டினால் அதிலும் அருமையான சீல் வரும், செலவே இல்லை. (உருளைக்கிழங்கை நான் வகுப்பில் எடுப்பதில்லை. எங்கள் செம்மண்ணில் அதை நட்டுத் தண்ணீர் இறைக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு முன்னால் நல்ல கிழங்கை வெட்டி மையில் தோய்க்க மனம் வராது. வீண்விரயம் மார்க்கத்திலும் ஆகாது. வெண்டிக்காயின் காம்புப் பக்கம் எப்படியும் கறிக்குப் போகாது, அந்தத் துண்டு போதும்.)

ஒரு சீலைத் தனியாகக் குத்துவது யாருக்கும் வரும். ஒன்றின் பின்னால் ஒன்று தெரிகிற மாதிரிக் குத்துவதில்தான் சிக்கல். பனைமரத்துக்குப் பின்னால் பள்ளிவாசல் மினாரா தெரிய வேண்டும் என்று வையுங்கள். சும்மா இரண்டையும் குத்தினால் மினாராவின் கோடுகள் பனையின் உடம்புக்குள்ளால் போகும், பார்க்க அலங்கோலமாக இருக்கும். அதற்குத்தான் மறைப்பு. முதலில் முன்னுக்கு நிற்கிற பனையைக் கார்ட்டில் குத்த வேண்டும். அதே பனையை ஒரு மெல்லிய தாளிலும் குத்தி, ஓரத்தால் வெட்டியெடுத்து, கார்ட்டில் உள்ள பனையின் மேல் அச்சொட்டாக மூட வேண்டும். பிறகு அந்தத் தாளின் மேலாலேயே மினாராவைக் குத்த வேண்டும். தாளை எடுத்தால் பனை முன்னுக்கு, மினாரா பின்னுக்கு. கோயில் கோபுரமானாலும் தேவாலயத்து மணிக்கோபுரமானாலும் இதே கணக்குத்தான்.

பிள்ளைகளுக்கு இது முதலில் தலைகீழாகத் தெரியும். வர்ணம் தீட்டும்போது வானத்தை முதலில் பூசி, பிறகு மரத்தை வைக்கப் பழகியவர்கள். இங்கே முன்னுக்கு நிற்பதுதான் முதலில். தரம் 6 பிள்ளை ஒன்று அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு "ரீச்சர், பின்னுக்குப் போயிட்டுது!" என்று கத்துகிற நேரம் வகுப்பே எழும்பி வரும்.

வீட்டிலுள்ள பெண்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. பெருநாள் இரவில் கையில் ஒட்டி மருதோன்றி பூசுகிற ஸ்ரிக்கர் இருக்கிறதே, அதுவும் மறைப்புத்தான். பத்திக் சாரியில் மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாமல் இருக்கிறதே, அதுவும் மறைப்புத்தான். எங்கே நிறம் படக்கூடாதோ அங்கே ஒன்றை வைக்கிறோம், பிறகு எடுக்கிறோம்.

இந்த "பிறகு எடுக்கிறோம்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பட்டம் கட்டுகிறவனுக்குப் பசை கழரவே கூடாது, தை மாதத்துக் காற்றில் மானம் போய்விடும். மறைப்புக்கு அதற்கு நேர்மாறு. பத்து நிமிடம் நகராமல் இருந்தால் போதும், அதன் பிறகு தாளுக்கு ஒரு சேதமும் இல்லாமல் கழன்று வர வேண்டும். நாங்கள் கடையில் ரேப் வாங்கும்போது "நல்லா ஒட்டுமா?" என்று கேட்டே பழகியவர்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் "நல்லாக் கழருமா?" என்று கேட்க வேண்டும்.

செலோ ரேப் ஏன் கிழிக்கிறது? பசை என்றால் காய்ந்து இறுகுகிற சாமான் என்றுதான் நாங்கள் நினைப்போம். ரேப்பில் உள்ள பசை காய்வதே இல்லை. மிகவும் தடித்த பனம்பாணி மாதிரி அது எப்போதும் மெதுவாக ஓடக்கூடிய நிலையில்தான் இருக்கும். அழுத்தினால் ஓடும், சூடு ஏறினால் இன்னும் ஓடும், நேரம் கொடுத்தால் தாளின் நார்களுக்கு இடையில் இறங்கிவிடும். தாள் என்பது நார்களை அடுக்கி அழுத்திய ஒரு சாமான்தானே. பசை நாரைப் பிடித்த பிடி, நாரும் நாரும் பிடித்த பிடியைவிடப் பலமானால் ரேப்போடு தாளின் மேல்தோல் உரிந்து வரும். நிறப் பிறிஸ்டல் போட்டில் இது இன்னும் மோசம். மலிவான சிலவற்றில் நிறம் மேல்பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், உரிந்த இடம் வெள்ளைத் தழும்பாகத் தெரியும்.

இதில் எங்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் "எந்த ரேப் என்றாலும் மெதுவாக எடுத்தால் சரி" என்று சொல்வார்கள். அவர்கள் குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள். இங்கே மழை தொடங்குவதற்கு முந்திய புரட்டாதி வெயிலில், தகரக் கூரை வகுப்பறையில், மத்தியானம் 12 மணிக்கு ஒட்டிய ரேப்பை 1 மணிக்கு எடுத்துப் பாருங்கள். காலையில் நன்றாகக் கழன்ற அதே ரேப் அந்த நேரம் தாளை விடாது. அதனால் எதை வாங்கினாலும் ஒரு சோதனை: கார்ட்டுக்கு எடுத்த அதே போட்டில் ஒரு வெட்டுத் துண்டை எடுத்து, ரேப்பை ஒட்டி, நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, வேலை செய்யப்போகிற அதே இடத்தில் வைத்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்துக் கழற்றுங்கள். துண்டு தப்பினால் கார்ட் தப்பும். வேறு தாளில் சோதித்துப் பலன் இல்லை. ஏ4 போட்டோக்கொப்பித் தாளில் சுத்தமாகக் கழருகிற ஒன்று, மெத்தென்ற டிமைத் தாளிலோ நார் தெரிகிற கைத்தாளிலோ தோலை உரித்துவிடும்.

இரண்டாவது விசயம் தடிப்பு. இதை அநேகமானோர் கவனிப்பதில்லை. மறைப்புத் தாள் தடிப்பாக இருந்தால், சீலை மேலால் அழுத்தும்போது அதன் ஓரத்தில் சீல் தாளைத் தொடாமல் பாலம் மாதிரி நிற்கும். மறைப்பை எடுத்தால் பனையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு, மலக்குகளுக்குக் கீறுகிற ஒளிவட்டம் மாதிரி. பழைய கலண்டர் அட்டையை மறைப்பாக வைத்தால் இதுதான் நடக்கும். செதுக்கிய அழிறப்பர் கொஞ்சம் விறைப்பானது, அதில் இன்னும் கூடத் தெரியும். ஆகவே இரண்டு குணம் வேண்டும்: இலேசான பிடிப்பு, மெல்லிய தாள். இந்த இரண்டும் சேர்ந்து எங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிற மலிவான சாமான் ஸ்ரிக்கி நோட்.

அதன் கதையே ஒரு நல்ல கதை. 1968 இல் அமெரிக்காவில் 3எம் என்ற கம்பனியில் ஸ்பென்சர் சில்வர் என்ற இரசாயனவியலாளர் பலமான பசை ஒன்று செய்ய முயன்றார். கிடைத்தது மிகவும் சோம்பேறித்தனமாக ஒட்டுகிற ஒன்று. அந்தப் பசை சமமாகப் பரவாமல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாக இருந்தது. பலாப்பழத்தை மேசையில் வைத்தால் முள் நுனிகள் மட்டும்தானே மேசையைத் தொடும்? அதே மாதிரி அந்த உருண்டைகளின் நுனிகள் மட்டும் தாளைத் தொடும். அதனால்தான் ஒட்டும், ஆனால் விட்டுவிடும். இதை என்ன செய்வதென்று வருடக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. 1974 இல் அதே கம்பனியில் வேலை செய்த ஆட் ஃப்றை, தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர், பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் துண்டுகள் விழுந்துகொண்டே இருந்த கரைச்சலில் இந்தப் பசையை நினைத்தார். 1980 இல் அது போஸ்ட்-இற் என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது. (இதை வைத்து "பலவீனமும் ஒரு பலமே" என்று பேச்சுப் போட்டிக்கு எழுதித் தரச் சொல்லி யாரும் இன்பொக்ஸ் வரவேண்டாம்.)

கடையில் பெரிய பெயர் போட்டது தேவையில்லை. சாதாரண 3 அங்குலச் சதுரக் கட்டில் 100 ஒற்றை இருக்கும். 33 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவருக்கு 3 ஒற்றை கொடுத்தாலும் ஒன்று மிச்சம். ஒரு வாஷி ரேப் செட்டுக்கு ஒரு வீடு கொடுக்கிற காசில் முழு வகுப்புக்கும் மறைப்பு வந்துவிடும். இதைத்தான் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே.

பாவிக்கிற முறையையும் சொல்கிறேன், பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து செய்யுங்கள். ஸ்ரிக்கி நோட்டில் பசை மேல் விளிம்பில் ஒரு பட்டியாகத்தான் இருக்கும். ஆகவே சீலைக் குத்தும்போது படத்தின் ஒரு பகுதியாவது அந்தப் பட்டிக்கு மேலே வருகிற மாதிரிக் குத்த வேண்டும். நடுவில் குத்தி வெட்டினால் வெட்டிய துண்டில் பசையே இருக்காது. பிள்ளைகள் பத்துப் பேரில் எட்டுப் பேர் முதல் தடவை நடுவில்தான் குத்துவார்கள். வெட்டும்போது கோட்டுக்கு வெளியே வெள்ளை விடக்கூடாது. கோட்டிலேயே, அல்லது ஒரு மயிரிழை உள்ளுக்கு வெட்ட வேண்டும். வெளியே விட்டால் அந்த இடம் கார்ட்டில் வெறுமையாகத் தெரியும். மூன்று ஒற்றையைப் பிரிக்காமல் அடுக்காகவே வெட்டினால் ஒரே தடவையில் மூன்று மறைப்பு, மூன்று பிள்ளைக்கு. வெட்டி முடிந்ததை எறிய வேண்டாம். ஸ்ரிக்கர் உரித்த பிறகு மிஞ்சுகிற மினுக்கத் தாளில் ஒட்டி வைத்தால் திரும்பத் திரும்ப எடுக்கலாம். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்ட நாடு இது. துண்டுத் தாளையும் கணக்குப் பார்க்கப் பிள்ளை பழகட்டும்.

மையிலும் ஒரு கவனம் வேண்டும். அலுவலக ஊதா மைப் பாட் சாதாரணத் தாளில் ஊறிச் சீக்கிரம் காயும், மினுக்கம் உள்ள அட்டையில் ஈரமாகவே நிற்கும். காயாத பனையின் மேல் மறைப்பை வைத்தால் பனை மறைப்போடு வந்துவிடும். முதலில் ஒரு கழிவுத் தாள் நுனியால் தொட்டுப் பாருங்கள். மினாராவைக் குத்தி முடிந்ததும் மறைப்பின் மேல்பக்கத்திலும் ஈர மை இருக்கும், அது பிள்ளையின் விரலுக்கும் விரலிலிருந்து கார்ட்டுக்கும் போகும். ஊசி முனையாலோ முள்வாங்கியாலோ ஓரத்தைத் தூக்கி, மேலே இழுக்காமல், தாளோடு தாளாகப் பின்னுக்கு மடித்து மடித்து எடுக்க வேண்டும்.

வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற ஓட்டை உள்ள பக்கமும் ஒரு மறைப்புத்தான். பிறை செய்ய அதைப்போல இலேசான வழி இல்லை. ஸ்ரிக்கி நோட்டில் ஒரு வட்டம் வெட்டி, ஓட்டை உள்ள தாளைக் கார்ட்டில் ஒட்டுங்கள். வெட்டியெடுத்த வட்டத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, ஓட்டைக்குள் ஒரு பக்கம் தள்ளி ஒட்டுங்கள். பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டி, மையை மிகக் குறைவாகத் தொட்டு, மறைப்பின் மேலிருந்து உள்பக்கமாக ஒற்றி ஒற்றி எடுங்கள். இரண்டு தாளையும் கழற்றினால் பிறை. கையால் கீறினால் பெரியவர்களுக்கே இவ்வளவு சுத்தமாக வராது.

மற்றச் சாமான்களையும் பார்ப்போம். ஹாட்வெயார்க் கடையில் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர்கள் வாங்குகிற மாஸ்கிங் ரேப் கெட்ட சாமான் இல்லை. அது பிறந்ததும் இதே பிரச்சினையிலிருந்துதான். 1920களில் அமெரிக்காவில் இரண்டு நிறக் கார் மோகம் இருந்தது. வர்ணம் அடிக்கிறவர்கள் தாளை ஒட்டி மறைத்தார்கள், கழற்றும்போது புது வர்ணமும் சேர்ந்து உரிந்தது. அதைப் பார்த்த றிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், அவரும் 3எம் கம்பனிதான், 1925 இல் சுத்தமாகக் கழருகிற ரேப்பைச் செய்தார். ஆனால் அது சுருக்கம் சுருக்கமான தாள். சுருக்கங்களுக்குள்ளால் மை ஊறிப் போகும், தடிப்பும் கூட. கார்ட்டைச் சுற்றி நேரான ஓரம் விடுவதற்கு மட்டும் எடுங்கள். அதற்கும் முதலில் உங்கள் சட்டையிலோ கையிலோ இரண்டு தரம் ஒட்டிக் கழற்றிப் பிடிப்பைக் குறைத்துவிட்டுத்தான் தாளில் வைக்க வேண்டும்.

பார்மசியில் விற்கிற கடதாசிப் பிளாஸ்ரரைச் சிலர் எடுக்கிறார்கள், தோலுக்கு மென்மை என்பதால். அது காற்றுப் போவதற்காகச் செய்தது, மையும் போகும்.

வாஷி ரேப்பை நான் குறை சொல்லவில்லை. அழகான சாமான், மெல்லிய தாள், பிடிப்பும் அளவானது. யப்பானில் குராஷிக்கி என்ற ஊரில் கமோய் என்ற கம்பனி 1923 இல் ஈ பிடிக்கிற பசைத் தாள் செய்யத் தொடங்கியது. பிறகு வேலைத்தளங்களுக்கு மாஸ்கிங் ரேப் செய்தது. 2006 அளவில் அந்த ரேப்பைக் கைவேலைக்கு எடுத்துக்கொண்டிருந்த சில பெண்கள் தொழிற்சாலையைப் பார்க்கலாமா என்று கேட்டுப் போனார்கள், அதிலிருந்துதான் பூப்போட்ட நிற ரேப்புகள் வந்தன. ஈப் பசையிலிருந்து ஆசிரியர் தினக் கார்ட் வரை வந்த பயணம் எனக்குப் பிடித்தே இருக்கிறது. ஆனால் எங்கள் கடைகளில் அந்தப் பெயரில் கிடைக்கிற பலவற்றைத் தொட்டுப் பார்த்தால் வழவழப்பாகப் பிளாஸ்ரிக் மாதிரி இருக்கும். பூப் படம் அச்சிட்ட செலோ ரேப்தான் அது. கிழித்துப் பாருங்கள், கையால் நேராகக் கிழியாமல் இழுபட்டால் தாள் இல்லை. அலங்காரத்துக்கு ஒட்டிவிட்டு அப்படியே விடலாம், மறைப்புக்கு ஆகாது. உண்மையானதே கிடைத்தாலும் அதன் அகலம் சின்னது. பனை வடிவில் மறைக்க மூன்று நான்கு கீலம் பக்கம் பக்கமாக ஒட்டித்தான் வெட்ட வேண்டும், பொருத்து ஒவ்வொன்றிலும் தடிப்பு.

நீர்வர்ணக்காரர் பாவிக்கிற மறைப்புத் திரவம் இறப்பர் பால்தான், கெட்டியாகாமல் இருக்க அமோனியா சேர்த்தது. எங்கள் நாட்டுக்கு அந்நியமில்லை. 1876 இல் லண்டன் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகளைக் கம்பஹாவின் ஹெனரத்கொடையில்தான் நட்டார்கள். ஆனாலும் சின்ன வகுப்புக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தூரிகையை நாசமாக்கும், மணம் கண்ணில் ஏறும், சில பிள்ளைகளுக்கு இறப்பர் பால் ஒவ்வாது, மெல்லிய தாளையும் கிழிக்கும்.

அண்ணாமாரிடம் கேட்டு சைக்கிள் ஒட்டுகிற சொலுசனைத் தடவிப் பார்க்கிற பிள்ளைகளும் உண்டு. பெற்றோரே, அதை விடவே விடாதீர்கள். தாள் போனால் போகட்டும். அந்த மணத்தைப் பிள்ளை மூக்கால் இழுக்கக்கூடாது. ஏன் என்று நான் பெரிதாக எழுதத் தேவையில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஒட்டவே ஒட்டாத மறைப்பும் இருக்கிறது. மெல்லிய தாளை வெட்டி வைத்து, விரலால் பிடித்துக்கொண்டு குத்துவது. பெரிய வடிவங்களுக்கு அதுவே போதும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் ஒருவர் பிடிக்க மற்றவர் குத்தலாம். காசே இல்லை. சொல்லப்போனால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், வகுப்பில் சண்டை பிடித்த இரண்டு பேரைத்தான் சோடி சேர்ப்பேன்.

ஸ்ரிக்கி நோட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புதுக் கார்ட்டுக்கு அது நல்லது என்று சொன்னேன் என்பதற்காகப் பழைய காணி உறுதியிலோ, பழைய படங்களிலோ, உம்மம்மா ஓதிய குர்ஆன் பிரதியிலோ ஒட்டாதீர்கள். சுத்தமாகக் கழன்ற மாதிரித் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் பசை மிஞ்சும், வருடக் கணக்கில் அது தூசியைப் பிடித்து மஞ்சளாகும். ஆவணக் காப்பகங்களில் பழைய தாள்களுக்குக் கிட்ட இதைக் கொண்டுபோக விடமாட்டார்கள். 1990 இல் இரண்டு மணித்தியாலத்தில் வீட்டை விட்டுப் போன எங்கள் சனத்துக்கு, மிஞ்சியிருக்கிற ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. அதற்குள் அடையாளம் வைக்க வேண்டுமானால் ஒரு வெள்ளைத் தாள் கீலத்தைச் சும்மா செருகுங்கள்.

ஒரு ரேப்புக்கு ஏன் இவ்வளவு கதை என்று கேட்பீர்கள். தரம் 6 இல் பிள்ளை அழகியல் பாடம் ஒன்றைத் தெரிய வேண்டும். எங்கள் சமூகத்தில் நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் அனுப்பத் தயங்குகிற வீடுகள் இருக்கின்றன. அது சரியா பிழையா என்பது இன்னொரு பதிவு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்திரம்தான் திறந்திருக்கிற வாசல். உயிருள்ளவற்றின் உருவம் கீற விருப்பமில்லாத வீடுகளிலும் இலை, வளைவு, நட்சத்திரம், கேத்திரகணித வடிவம் என்று அச்சு வேலைக்குத் தடை ஒன்றும் இல்லை. சதுரம் சதுரமாக மறைத்து மறைத்துக் குத்தினால் பள்ளிவாசல் ஓட்டு வேலை மாதிரி ஒன்று பிள்ளையின் கையிலேயே வந்துவிடும். அப்படி ஒரு மணித்தியாலம் குனிந்திருந்து செய்ததைக் கடைசி நிமிடத்தில் ஒரு செலோ ரேப் உரித்துக்கொண்டு வந்தால், பத்து வயதுப் பிள்ளை ரேப்பில் பிழை என்று நினைக்காது. "எனக்குச் சித்திரம் வராது" என்றுதான் நினைக்கும். அதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடவேளையில் கொப்பியையே எடுக்காத பிள்ளைகளை வகுப்பில் பார்க்கிறோம். அவர்களைத் திருப்பிக் கொண்டுவருவது மிகவும் கஷ்டம்.

கிழிந்ததைப் பார்த்துப் பிள்ளை அழ, தாய் இரவு 11 மணிக்கு உட்கார்ந்து கார்ட் செய்து அனுப்புகிற கதையும் தெரியும். எங்கள் மேசைக்கு வருகிற கார்ட்டுகளில் எது பிள்ளை செய்தது, எது உம்மா செய்தது என்று எங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கோணலாக நிற்கிற பனையைத்தான் நாங்கள் வைத்துக்கொள்வோம்.

பட்டியல் எழுதுகிற ஆசிரியர் நண்பர்களுக்கும் ஒரு சொல். கூலி வேலைக்குப் போகிற ஒரு வாப்பா, ஒரு அப்பா, அந்தப் பட்டியலைக் கடைக்காரரிடம் நீட்டி "எல்லாத்தையும் தாங்கோ" என்று சொல்ல முடியாமல் "எது கட்டாயம்?" என்று கேட்கிறார். கடைக்காரர் என்ன சொல்வார்? பெயர் தெரியாத சாமானை எழுதும் முன்னால் அதை நாங்களே ஒரு துண்டு போட்டில் ஒட்டிக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். வகுப்புக்குப் பொதுவாக வாங்கக்கூடியதை வீட்டுக்கு வீடு வாங்க விடக்கூடாது.

மினாரா, பனை, கோபுரம், மணி என்று நான்கு சீல் அழிறப்பரில் செதுக்கி வைத்திருக்கிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் தாளில் குத்தித் தருகிறேன், வீட்டில் பார்த்துச் செதுக்கலாம். பிளேட் பெரியவர்கள் கையில் மட்டும். ஸ்ரிக்கி நோட் கட்டு வாங்கும்போது ஒரு ஒற்றையைக் கழற்றிக் கடை மேசையில் ஒட்டிப் பாருங்கள். மலிவானதில் சிலது ஒட்டவே ஒட்டாது, விசிறிக் காற்றுக்குப் பறந்துவிடும். அது மறைப்புக்கும் உதவாது.